பொறிக்கு முன்னும் பின்னும்: ஆஷ்லி–ஹென்றி குழுவின் புதிய பீவர் வேட்டையர்கள், 1822–1825

1822ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துச் செய்தித்தாளில் சில வரிகளே கொண்ட ஓர் ஆள்தேவை விளம்பரம் வெளிவந்தது. மிசௌரி ஆற்றின் ஊற்றுக்கண் வரை சென்று, அங்கே ஒன்று, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் வேலை பார்க்க நூறு பேர் தேவை என்பது அதன் சாரம். என்ன வேலை என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. பீவர் என்னும் கொறிவிலங்கைப் பொறிவைத்துப் பிடித்துத் தோலெடுப்பதே அந்த வேலை. விளம்பரம் கொடுத்த வில்லியம் ஹென்றி ஆஷ்லி மிசௌரி மாநிலத்தின் துணை ஆளுநர். வெடிமருந்துத் தயாரிப்பிலும் நில வியாபாரத்திலும் கைவைத்துக் கடன்பட்டிருந்தவர். அவருடைய கூட்டாளியான ஆண்ட்ரூ ஹென்றி, 1810இல் மிசௌரியின் மூன்று கிளைகள் கூடும் இடம் வரை சென்று, பிளாக்ஃபுட் பழங்குடி மக்களின் தாக்குதலில் ஆட்களைப் பறிகொடுத்துத் திரும்பி, பிறகு ஈயச் சுரங்கம் நடத்திவந்தவர்.

சேர்ந்தவர்களில் ஜெடிடையா ஸ்மித்துக்கு வயது 23. ஜிம் பிரிட்ஜருக்கு 18. செயின்ட் லூயிஸில் கொல்லுப்பட்டறை ஒன்றில் தொழில் பழகியவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த ஜேம்ஸ் கிளைமன் நில அளவை வேலை தெரிந்தவர். ஆள் சேர்க்கும் பொறுப்பு தம்மிடம் வந்தபோது மதுக்கடைகளில் தேடித்தான் ஆட்களைப் பிடிக்க வேண்டியிருந்தது என்று அவர் முதுமையில் எழுதிவைத்தார். மென்மயிர் வணிகத்தில் புதியவனுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் ‘பன்றிக்கொழுப்புத் தின்னி’. இந்தக் குழுவில் பெரும்பான்மையோருக்கு அது பொருந்தும்.

இவர்கள் எதை எந்த வரிசையில் கற்றார்கள், எதைக் கற்காமலே விட்டார்கள் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறி வைப்பதை இவர்கள் விரைவாகவே கற்றுக்கொண்டார்கள். உயிரையும் முதலீட்டையும் தின்றவை பொறிக்கு முன்னும் பின்னும் இருந்த வேலைகள்: போய்ச் சேர்வது, குதிரையைக் காப்பது, யாருடைய மண்ணில் நிற்கிறோம் என்று அறிவது, எடுத்த தோலை ஊர் கொண்டுவந்து சேர்ப்பது.

பாதி வாரம்

மென்மயிர்க் கம்பெனிகள் அதுவரை பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்துக்கு ஆள் வைத்தன. தோலைப் பழங்குடி மக்களிடம் பண்டமாற்றாக வாங்கின. ஆஷ்லியும் ஹென்றியும் வேறு வழியில் இறங்கினார்கள். துப்பாக்கி, வெடிமருந்து, ஈயம், பொறி எல்லாம் கம்பெனி கொடுக்கும். கோட்டை கட்டுவதிலும் அதைக் காப்பதிலும் ஆள் கை கொடுக்க வேண்டும். பிடித்த பீவர் தோலில் பாதி ஆளுக்கு, பாதி கம்பெனிக்கு. நம் ஊர் வார விவசாயம் (நிலக்காரரும் உழுபவரும் விளைச்சலைப் பங்கிடும் முறை) தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. கடன்பட்ட முதலாளிக்குச் சம்பளச் சுமை இல்லை. புதியவனுக்கோ பாதிப் பங்கு என்பது கேட்கவே இனித்தது. ஆனால் வாரத்துக்கு உழுபவன் விளையாத ஆண்டின் நட்டத்திலும் பாதியைச் சுமக்கிறான் என்பது இவர்களுக்கு முதல் இலையுதிர்காலத்திலேயே விளங்கிவிட்டது.

இன்னொரு விளைவும் உண்டு. தோலை வாங்கப் போகிறவன் விருந்தாளி. தானே பொறி வைத்துப் பிடிக்கப் போகிறவன் அந்த மண்ணின் சொத்தை எடுத்துச் செல்பவன். இந்த வேறுபாட்டை செயின்ட் லூயிஸில் எவரும் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை.

விலங்கும் பொறியும்

தமிழ் எழுத்தில் பீவரை நீர்நாய் என்று குறிப்பிடுவதை அவ்வப்போது காண்கிறேன். நீர்நாய் நம் காவிரியிலும் வாழும் மீன்தின்னி. பீவரோ மரப்பட்டையும் இளங்கிளையும் தின்று, மரத்தைப் பல்லாலேயே வெட்டிச் சாய்த்து, ஓடையை மறித்து அணை கட்டி வாழும் பெரிய கொறிவிலங்கு. அதன் முரட்டு மேல்மயிருக்கு அடியில் அடர்ந்து கிடக்கும் மென்மயிரின் ஒவ்வோர் இழையிலும் நுண்ணிய செதில்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று கொளுவிக்கொள்வதால் அந்த மயிரை அழுத்தி உறுதியான ஃபெல்ட் ஆக்கலாம். லண்டனிலும் பாரிஸிலும் கனவான்கள் அணிந்த தொப்பி அந்த ஃபெல்ட்டில் செய்யப்பட்டது. மலையில் நடந்த அத்தனைக்கும் அடியில் இருந்தது இந்தத் தொப்பிதான்.

பொறி என்பது வில்தகடுகளின் விசையில் இரு தாடைகள் மூடிக்கொள்ளும் இரும்புக் கருவி. ஏறத்தாழ 5 பவுண்டு எடை, 5 அடிச் சங்கிலி. மாலை மங்கும் வேளையில் வேட்டையன் பொறி வைக்கும் இடத்துக்குச் சற்றுத் தொலைவிலேயே ஓடைக்குள் இறங்கி, நீருக்குள்ளேயே நடந்து வருவான். கரையில் மனித வாடை படிந்தால் பீவர் ஒதுங்கிப் போய்விடும். பீவர் கரையேறும் தடத்தில், நான்கு விரற்கடை ஆழத்தில் பொறியை அமர்த்துவான். சங்கிலியை ஆழமான பக்கம் நீட்டி, அதன் வளையத்தில் ஒரு காய்ந்த கம்பைச் செருகி அடிமண்ணில் அறைவான். பச்சைக் கம்பாக இருந்தால் பீவர் அதையே கடித்துத் தின்றுவிடும். காய்ந்த கம்புக்கு இன்னொரு பயனும் உண்டு: விலங்கு அதைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் கம்பு மிதந்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, ஒரு குச்சியின் நுனியைக் ‘கஸ்டோரியம்’ என்ற பசையில் தோய்த்து, பொறிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்குமாறு கரையில் நடுவான். பீவரின் வாலடிப் பைகளில் ஊறும் இந்த மணப்பொருளைக் கொண்டு ஒவ்வொரு பீவர்க் குடும்பமும் தன் எல்லையைக் குறிக்கிறது. புனுகு அறிந்த நமக்கு இது புரியும். வேட்டையர்கள் அதை ‘மருந்து’ என்றே அழைத்து, கொம்பாலோ மரத்தாலோ செய்த சிமிழில் இடுப்போடு கட்டிவைத்திருந்தார்கள். அயல் பீவரின் வாடை அடித்ததும் வீட்டுக்கார பீவர் முகர்ந்து பார்க்க வரும். கால் பொறியில் சிக்கும். அஞ்சியதும் அது பாய்வது ஆழ்நீரை நோக்கியே. அங்கே பொறியின் எடை அதை மேலே வரவிடாமல் மூழ்கடிக்கும்.

புதியவன் சறுக்குவது இந்தக் கடைசி இடத்தில்தான். பக்கத்தில் ஆழநீர் இல்லாத இடத்தில் பொறியை வைத்துவிட்டால் விலங்கு மூழ்காது. இரவு முழுக்கப் போராடிக் காலை முறித்துக்கொண்டோ கடித்துக்கொண்டோ ஓடிவிடும். விடியலில் பொறியில் ஒரு பாதம் மட்டும் கிடக்கும். வேட்டையனுக்கு ஒரு தோல் நட்டம். அந்த பீவர் இனி மருந்து வாடைக்கு எளிதில் மயங்காது. அது பட்ட வேதனைக்கு யாரிடத்திலும் கணக்கு இல்லை. நீரின் ஆழத்தை முன்கூட்டியே அளந்து பார்க்கும் பழக்கம் ஈவிரக்கத்திலிருந்து வந்ததல்ல என்றாலும், அதனால் விலங்கின் துன்பமும் குறைந்தது.

தோலை உரித்த பிறகும் வேலை முடிவதில்லை. உள்பக்கத்துக் கொழுப்பைத் துப்புரவாகச் சுரண்டி, வளைத்த வில்லோ மரக்கிளையின் வட்டத்தில் விறைப்பாகக் கட்டி உலர்த்தி, மயிர் உள்ளே இருக்குமாறு மடித்து, அறுபது எண்பது தோல்களை நூறு பவுண்டை ஒட்டிய கட்டாக அழுத்திக் கட்டுவார்கள். கோடையில் எடுத்த தோலில் மயிர் மெலிந்திருக்கும், விலை போகாது. ஆகவே நீர் உறையும் முன் இலையுதிர்காலத்தில் சில வாரங்கள், பனி உருகிய பின் வசந்தத்தில் சில வாரங்கள், இவைதான் பருவம். இரண்டிலுமே உறைநிலையை ஒட்டிய நீரில் தொடை வரை நின்றாக வேண்டும். நீண்டநாள் வேட்டையர்களுக்கு மூட்டுவாதம் வந்தது வியப்பல்ல.

ஆறு கற்பித்தது

செயின்ட் லூயிஸிலிருந்து யெல்லோஸ்டோன் ஆறு மிசௌரியோடு கூடும் இடம் வரை, நீர்வழியில் ஏறத்தாழ 1,800 மைல். அன்று சரக்குப் போக்குவரத்துக்கு இருந்த ‘கீல்போட்’ என்னும் கனமான படகை எதிர்நீரோட்டத்தில் கழியால் உந்தியோ, ஆட்கள் கரையில் நடந்தபடி கயிற்றால் இழுத்தோதான் கொண்டுபோக முடியும். 1822 ஏப்ரலில் ஹென்றி முதல் படகோடு கிளம்பினார். மே மாதம் கிளம்பிய இரண்டாவது படகின் பாய்மரம் கரையிலிருந்து சாய்ந்திருந்த மரத்தில் மோத, படகு கவிழ்ந்து 10,000 டாலர் சரக்கு ஆற்றோடு போயிற்று. ஜெடிடையா ஸ்மித்தின் முதல் பயணம் அது. ஆஷ்லி வேறு படகு தேடி, மறுபடி சரக்கு ஏற்றி, யெல்லோஸ்டோன் முகத்தை எட்டியபோது அக்டோபர் பிறந்துவிட்டது. இலையுதிர்காலப் பருவத்தின் நல்ல பகுதி கழிந்துவிட்டது.

இதற்கிடையில் ஹென்றி கரைவழியாக ஓட்டிச் சென்ற குதிரைகளை அசினிபோயின் மக்கள் கவர்ந்து சென்றிருந்தார்கள். குதிரை இல்லாத வேட்டையன் படகு எட்டும் ஓடைகளோடு நின்றுவிட வேண்டியதுதான். 1823 வசந்தத்தில் ஹென்றியின் ஆட்கள் மேல்மிசௌரியில் பொறி வைத்துக்கொண்டிருந்தபோது பிளாக்ஃபுட் வீரர்கள் தாக்கி நால்வரைக் கொன்றார்கள். எஞ்சியவர்கள் யெல்லோஸ்டோன் முகத்தில் கட்டியிருந்த கோட்டைக்குத் திரும்பினார்கள். குதிரை வேண்டும் என்ற செய்தியோடு ஸ்மித் ஆற்றின் வழியே கீழே அனுப்பப்பட்டார். அந்தச் செய்திதான் அடுத்த பேரிழப்புக்கு வழிவகுத்தது.

ஜூன் 2, 1823

இன்றைய தென் டகோட்டாவின் வடபகுதியில், மிசௌரியின் ஒரு வளைவில் அரிக்கரா மக்களின் இரண்டு ஊர்கள் மரவேலி சூழ நின்றன. அவர்கள் மக்காச்சோளம் பயிரிட்டு, ஆற்றில் வரும் சரக்குக்கும் சமவெளியிலிருந்து வரும் குதிரைக்கும் தோலுக்கும் இடைத்தரகர்களாக வாழ்ந்தவர்கள். வெள்ளையர்கள் தங்களைத் தாண்டி மேலே போய்த் தாங்களே பொறி வைத்தால் அந்தத் தரகே இல்லாமற்போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. போதாக்குறைக்கு, சற்று முன்னர்தான் வேறொரு கம்பெனியின் ஆட்களோடு நடந்த மோதலில் அவர்களுடைய ஆட்கள் உயிரிழந்திருந்தார்கள். இந்த விரோதம் ஆஷ்லியின் காதுக்கும் எட்டியிருந்தது. ஆனாலும் குதிரைக்கு அங்கேதான் போக வேண்டியிருந்தது.

மே மாத இறுதியில் இரண்டு படகுகளில் வந்து சேர்ந்த ஆஷ்லி குதிரைகளை வாங்கினார். காற்று பலமாக இருந்ததால் படகுகள் நகரவில்லை. வாங்கிய குதிரைகளோடு ஏறத்தாழ நாற்பது பேர் ஊருக்கு எதிரே திறந்த மணற்கரையிலேயே இரவு தங்கினார்கள். நள்ளிரவுக்குப் பின் ஊருக்குள் போயிருந்த ஒருவர் கொல்லப்பட்டார் என்ற செய்தி வந்தது. விடிந்ததும் வேலிக்குப் பின்னாலிருந்து துப்பாக்கிகள் முழங்கின. மணலில் மறைவுக்கு இருந்தவை செத்து விழுந்த குதிரைகள் மட்டுமே. படகைக் கரைக்குக் கொண்டுவரச் சொன்னால் படகோட்டிகள் அசையவில்லை. நீந்தத் தெரிந்தவர்கள் ஆற்றில் குதித்தார்கள். கிளைமனும் அப்படித் தப்பியவர்தான். இறந்தவர்கள் பன்னிரண்டுக்கும் மேல். காயம்பட்டவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இருபதைத் தாண்டுகிறது.

ஆகஸ்டில் அமெரிக்க ராணுவத்தின் கர்னல் லெவன்வொர்த் படையோடு வந்து ஊரைப் பீரங்கியால் தாக்கினார். அரிக்கராக்கள் ஓரிரவில் ஊரைக் காலிசெய்துவிட்டுப் போனார்கள். ஆற்றுவழி திறக்கவில்லை. இந்த நிகழ்வைத் திடீர்த் துரோகம் என்று எழுதிய பழைய வரலாறுகளோடு நான் உடன்படவில்லை. பகை முற்றியிருப்பது தெரிந்தும், துப்பாக்கிக்கு எட்டும் தொலைவில், மறைவே இல்லாத மணலில் ஆட்களைத் தூங்கவைத்தது தலைமையின் பிழை. கரையில் கிடந்த புதியவர்களிடம் யாரும் யோசனை கேட்கவில்லை.

மணலில் வரைந்த வழி

ஆறு மூடிக்கொண்டதால் தரைவழி திறந்தது. 1823 இலையுதிர்காலத்தில் ஹென்றி ஒரு குழுவோடு யெல்லோஸ்டோன் பக்கம் போனார். அந்தக் குழுவிலிருந்த ஹியூ கிளாஸ் குட்டிகளோடு இருந்த கிரிஸ்லி கரடியிடம் சிக்கி, காவலுக்கு விடப்பட்ட இருவராலும் கைவிடப்பட்டு, தவழ்ந்தும் நடந்தும் உயிர் பிழைத்த கதை பலருக்கும் தெரியும் என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை.

கற்பது பற்றிய கேள்விக்கு, ஸ்மித் தலைமையில் தனியே போன இன்னொரு குழு கூடுதலாகப் பதில் தருகிறது. நேர்மேற்கே போன இவர்கள் முதலில் தண்ணீரில்லாமல் தவித்தார்கள். நடக்க முடியாமல் விழுந்த இருவரை, உடலில் எஞ்சிய ஈரம் போகாதிருக்கக் கழுத்தளவு மணலில் புதைத்துவிட்டு, முன்னே சென்று தண்ணீர் கண்டு திரும்பி வந்து மீட்டார் ஸ்மித். சில வாரங்களில் அவரையே ஒரு கிரிஸ்லி தாக்கியது. விலா எலும்புகள் முறிந்தன, தலைத்தோல் கிழிந்து ஒரு காது தொங்கியது. குழுவில் மருத்துவம் அறிந்தவர் யாரும் இல்லை. ஊசியும் நூலும் கொண்டு தைக்கச் சொல்லி ஸ்மித்தே கிளைமனுக்கு வழி சொன்னார். காதை ஒட்டவைக்க முடியாது என்று கிளைமன் தயங்கியபோது, எப்படியாவது தைத்துப் பார் என்றார். கிளைமன் தைத்தார். ஸ்மித் அந்தத் தழும்பை மறைக்கக் கடைசிவரை தலைமயிரை நீளமாக விட்டிருந்தார்.

குளிர்காலத்தை அவர்கள் குரோ மக்களோடு விண்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கழித்தார்கள். மலையைக் கடந்து மேற்கே போகும் முதல் முயற்சி பனியில் தோற்றது. அப்போது கிளைமன் ஒரு எருமைத் தோலை (அந்நாட்டுக் காட்டெருமையான பைசனின் தோல்) விரித்து, அதன் மேல் மணலைக் கொட்டி, மலைகளைக் குவியல்களாக அமைத்து வழி கேட்டார். மொழி அரைகுறை, ஆனால் அந்த மணல் படத்தில் கைவைத்துக் குரோக்கள் தெற்கே சுற்றிச் செல்லும் தாழ்வான கணவாயைக் காட்டினார்கள். 1824 மார்ச் வாக்கில் அவர்கள் கடந்த அந்தச் சவுத் பாஸ் வழியாகத்தான் பின்னாளில் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் மேற்கே போயின. அரிக்கராக்களின் மணற்கரையில் யாரும் கேட்காத கேள்வியை ஒன்பது மாதம் கழித்து ஓர் எருமைத் தோலின் மேல் கேட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மேற்குப் பக்கம் கிரீன் ஆற்றின் கிளைகளில் பீவர் நிறைந்திருந்தது. வசந்தத்தில் ஷோஷோனிகள் சிலர் இவர்களுடைய குதிரைகளைக் கொண்டுபோனபோது பொறிகளையும் தோல்களையும் ஒளித்துவைத்துவிட்டு நடந்தே வேலை பார்த்தார்கள்.

தோல் கிடைத்துவிட்டது; ஊர் கொண்டுபோவது எப்படி? ஸ்மித் குழுவைச் சேர்ந்த டாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் தோழர்களும் எருமைத்தோல் பரிசல் ஒன்றைக் கட்டி, ஸ்வீட்வாட்டர் ஆற்றில் கட்டுகளை ஏற்றி விட்டார்கள். நம் காவிரிப் பரிசலின் தம்பி போன்ற அது பாறைச்சரிவில் கவிழ்ந்தது. நீரிலிருந்து மீட்ட கட்டுகளைப் புதைத்துவைத்துவிட்டு நூற்றுக்கணக்கான மைல் நடந்து, எலும்பும் தோலுமாக, மிசௌரிக் கரையிலிருந்த ராணுவத்தின் அட்கின்சன் கோட்டையை அடைந்தார்கள். பிறகு குதிரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து எடுத்துச் சென்றார்கள்.

சிவப்புக் கல்லும் புதைத்த கடிதமும்

மூன்று ஆண்டுப் பாடங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்தது 1825இல். ஆஷ்லி இப்போது படகை நம்பவில்லை, கோட்டையையும் நம்பவில்லை. குளிர்காலத்திலேயே பிளாட் ஆற்றை ஒட்டித் தரைவழியாக வந்து, ஏப்ரலில் கிரீன் ஆற்றங்கரையில் ஆட்களை நான்காகப் பிரித்தார். ஜூலை 10ஆம் தேதிக்குள் எல்லோரும் கூட வேண்டும். கூடும் இடத்தை அவர் முன்னே போய்த் தேர்ந்தெடுப்பார். ஆனால் அந்த நாட்டில் ஊர் ஏது, பெயர்ப்பலகை ஏது? ஆகவே அவர் கொடுத்த அடையாளம் இது: மரம் இருந்தால் பட்டை உரித்திருக்கும், மரம் இல்லையெனில் 5 அடி உயர மண்மேடு, அல்லது உச்சியில் சாதிலிங்கச் சிவப்பு பூசிய கற்கள், அங்கிருந்து வடமேற்கே 30 அடி தள்ளி, ஓர் அடி ஆழத்தில் ஒரு கடிதம் புதைந்திருக்கும். எழுத்தே தெரியாதவர்களும் இருந்த குழுவுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வொரு பிரிவிலும் படிக்கத் தெரிந்த ஒருவர் போதுமே.

ஜூலை 1ஆம் தேதி, ஹென்றிஸ் ஃபோர்க் கிளையாற்றின் கரையில் ஏறத்தாழ 120 பேர் கூடினார்கள். ஆஷ்லி தோலைப் பவுண்டு 3 டாலர் கணக்கில் எடுத்துக்கொண்டார். காப்பிக்கொட்டையும் சர்க்கரையும் பவுண்டு ஒன்றரை டாலர். புகையிலை 3 டாலர். ஒரு பவுண்டு புகையிலைக்கு ஒரு பவுண்டு பீவர் சரிக்குச் சரி. கூடியவர்களில் ஆஷ்லியின் ஆட்கள் அல்லாதவர்களும் இருந்தார்கள். மே மாதத்தில் பிரிட்டிஷ் மென்மயிர்க் கம்பெனியான ஹட்சன்ஸ் பே கம்பெனியின் பீட்டர் ஸ்கீன் ஆக்டன் தலைமையிலான குழுவிலிருந்து 23 பேர் ஒரேயடியாக விலகியிருந்தார்கள். கம்பெனிக் கணக்கில் தீராத பற்று எழுதப்பட்டிருந்தவர்கள் அவர்கள். பவுண்டுக்கு மூன்றரை டாலர் தருகிறோம் என்று அமெரிக்கர்கள் கூவியதும் தோல்களோடு பெயர்ந்துவந்தார்கள். அவர்களுக்குப் பொறி வைக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தோலுக்குச் சந்தையில் என்ன விலை என்று மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

அக்டோபரில் ஆஷ்லி செயின்ட் லூயிஸ் திரும்பியபோது கொண்டுவந்த தோலின் எடை ஏறத்தாழ 8,800 பவுண்டு. மதிப்பு 50,000 டாலரை ஒட்டியது. கடனை அடைத்தார். அடுத்த ஆண்டு தொழிலை ஸ்மித், டேவிட் ஜாக்சன், வில்லியம் சப்லெட் ஆகிய மூவருக்கும் விற்றுவிட்டு மலையிலிருந்து விலகி, மலைக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரியானார். தொழிலில் இலாபம் எந்த முனையில் தங்குகிறது என்பதை அவரைப்போல் உணர்ந்தவர் குழுவில் வேறு எவரும் இல்லை.

கற்காமல் விட்டது

பீவர் இணை ஆண்டுக்கு ஒருமுறைதான் ஈனும். குட்டிகள் இரண்டு ஆண்டு பெற்றோரோடு தங்கும். ஆகவே ஓர் அணையில் நான்கைந்து பொறிகளைச் சில இரவுகள் வைத்தால் ஒரு குடும்பமே முடிந்துவிடும். சிலவற்றை விட்டுவைத்தால் ஓடை மீண்டும் நிறையும் என்பது வேட்டையனுக்குத் தெரியாததல்ல. ஆனால் விட்டுவைத்ததை அடுத்த வாரம் வேறொருவன் எடுத்துக்கொள்வான் என்பதும் அவனுக்குத் தெரியும். ஹட்சன்ஸ் பே கம்பெனியோ ஒருபடி மேலே போய், அமெரிக்கர்கள் வராமலிருக்கும் பொருட்டு ஸ்னேக் ஆற்றுப் பகுதியில் பீவரே இல்லாமல் துடைத்துவிடுமாறு ஆக்டனுக்கு உத்தரவிட்டிருந்தது. இரு தரப்பின் கையிலும் இருந்தது ஒரே பொறி. 1830களில் ஓடைகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. அதே வேளையில் பட்டுத் தொப்பி நாகரிகம் பரவி பீவரின் விலை சரிந்தது. ஆண்டுதோறும் மலையில் நடந்துவந்த இத்தகைய கூடுகைகளில் கடைசியானது 1840இல் நடந்தது.

பிரிட்ஜர் அப்போது 36 வயதுக்காரர். 1843இல், முதல் கூடுகை நடந்த ஹென்றிஸ் ஃபோர்க்குக்கு அதிகத் தொலைவில்லாத பிளாக்ஸ் ஃபோர்க் கரையில், மேற்கே போகும் குடியேறிகளின் வண்டிப்பாதையை ஒட்டி ஒரு கடை போட்டார். சரக்கு கேட்டு அவர் செயின்ட் லூயிஸுக்கு ஒரு கடிதம் எழுதுவித்தார். சிறு கடை ஒன்றை நிறுவியிருப்பதாகவும், கூடவே ஒரு கொல்லுப்பட்டறையும் வேண்டிய இரும்பும் வைத்திருப்பதாகவும் அதில் சொல்கிறார்.